மேலிருந்து வராத கேள்வி

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ள எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் வருவார்கள். ஒருவர் கனத்த உடம்புக்காரர். மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு ஏறி, அங்கே உள்ள மெஷின் ரூமுக்குள் போய்விடுவார். மற்றவர் ஒல்லி. பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு கீழே குழிக்குள் இறங்குவார். இருவரும்தான் அந்த நிறுவனத்தின் முதலாளிகள் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. அவர்களிடம் வேலை பார்த்தவர்கள் கனத்தவரை மேலண்ணன் என்றும் ஒல்லியானவரைக் கீழண்ணன் என்றும் கூப்பிடுவார்கள். நான் சொல்ல வந்தது கீழண்ணனைப் பற்றி.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அந்தக் குழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் ஓடும் பாதைக்கு அடியில், தரைக்குக் கீழே, ஓர் ஆள் நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் ஒன்று இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் நமக்கு அப்படி ஒன்று நம் காலடியில் இருக்கிறது என்ற நினைப்பே வருவதில்லை. கிரீஸ், தூசி, யாரோ கதவிடுக்கில் தவறவிட்ட சாவி, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். தலைக்கு மேலே கேபினின் அடிவயிறு தொங்கிக்கொண்டிருக்க, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி கீழண்ணன் அதற்குள் நின்று வேலை பார்ப்பார். மேலே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேலண்ணன் அதன் பக்கத்தில் காத்திருப்பார்.

வேலை முடிந்து ஏறியதும் கீழண்ணன் அண்ணாந்து, "வெளிய!" என்று கத்துவார்.

மேலேயிருந்து, "வெளியவா?" என்று கேள்வி வரும்.

"வெளியதான்!"

அதற்குப் பிறகுதான் சுவிட்ச். முதலில் கேட்ட குரல் எதிரொலியாக இருக்கலாம், வேறு மாடியில் யாரோ யாரையோ கூப்பிட்டதாகவும் இருக்கலாம். அதனால் மேலே நிற்பவர் திருப்பிக் கேட்டே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. இந்த விதியை அவர்களுக்கு எந்தப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. ஒரு ஒப்பந்தக்காரரிடம் இருவரும் கூலிக்கு வேலை பார்த்த காலத்தில் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். அதன்பின் மேலண்ணன் கீழண்ணனின் தங்கையைப் பெண் கேட்டு வந்தார்.

"இவருக்குக் காது நல்லா கேக்குமா அண்ணா?" என்று தங்கை கேட்டாளாம்.

"கேக்கும். அதை நம்பித்தான் நான் குழியில நிக்கிறேன்" என்றாராம் இவர்.

"வெளிய" என்ற சொல் அப்படியே அவர்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டும் பிள்ளைகள் "வெளியவா?" என்று கத்துவார்கள்; உள்ளேயிருந்து "இன்னும் குழியிலதான் இருக்கேன்" என்று பதில் வரும். மச்சானும் மாப்பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டால் முதலில் கோபம் தணிந்தவர் மற்றவரிடம் போய் "வெளிய" என்பார். நான் என் கோபத்திலிருந்து ஏறிவிட்டேன், இனி நீ சுவிட்சைப் போடலாம் என்று அர்த்தம். மற்றவர் "வெளியவா?" என்று கேட்டுச் சிரித்தால் சண்டை முடிந்தது. மன்னிப்புக் கேட்காமல் மன்னிப்புக் கேட்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. ஆனால் இப்படிப்பட்ட சொல்லுக்கு ஓர் ஆபத்து உண்டு. அது இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பாரம். ஒருவர் கையை விட்டால் மற்றவரால் தனியாகப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

கீழண்ணனை நான் உயர்த்திச் சொல்ல வரவில்லை. பிடிவாதக்காரர். அலுவலக விஷயம் எதிலும் தலையிட மாட்டார். எல்லாம் முடிந்தபிறகு வந்து குறை சொல்வார். தான் மனத்தில் நினைப்பதை எதிராளி தானாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பார். வாயைத் திறந்து நான்கு வாக்கியம் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயங்களை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வளர்த்துவிடுவார்.

மேலண்ணனுக்கு மருமகன் வந்தபின் தொழிலின் போக்கு மாறியது. அந்தப் பையன் படித்தவன், பணிவானவன், உழைப்பாளியும்கூட. ஒரு கட்டடத்துக்கு இரண்டு பேரை அனுப்புவது வீண் என்பது அவன் கணிப்பு.

"குழிக்குள்ளயே ஸ்டாப் சுவிட்ச் இருக்கு மாமா" என்று கீழண்ணனிடம் பொறுமையாகச் சொன்னான். "இறங்கினவரே அதை அமுக்கிட்டா லிஃப்ட் அசையாது. மத்த கம்பெனில எல்லாம் ஒரு ஆள்தான் போறாங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் கீழண்ணன், "மத்தவன் போறான்னா போகட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

பிறகொரு நாள் அவர்கள் பார்த்துக்கொண்ட ஒரு கட்டடத்தின் காவலாளி சாதாரணமாகக் கேட்டார். "என்னண்ணே, இப்பல்லாம் ஒருத்தரைத்தான் அனுப்புறீங்க? ஆள் பஞ்சமா?" அப்போதுதான் கீழண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு ஆள் மட்டும் வருவார் என்று எழுதிய புதிய ஒப்பந்தங்களில் மேலண்ணன் அவரைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

நேராகத் தங்கள் பட்டறைக்குப் போனார். வேலையாட்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"ஏன் மாப்ளே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியுமே மச்சான்."

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"தெரிஞ்சதனாலதான் செஞ்சேன்."

பக்கத்தில் இருந்த ஸ்பானர் பெட்டியைக் கீழண்ணன் எட்டி உதைத்தார். கால் வீங்கியதுதான் மிச்சம். நொண்டிக்கொண்டே வக்கீலிடம் போனார். கூட்டாளியின் சம்மதமில்லாத ஒப்பந்தங்கள் செல்லாது என்று வழக்கு. கூட்டுத் தொழிலைக் கலைத்து நிறுவனத்தைத் தங்கள் பக்கம் விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து எதிர்மனு. தங்கை அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நீதிபதி இரு மனுக்களையும் பார்த்துவிட்டு, இது மைத்துனர்களின் சண்டை, முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று சமரச மையத்துக்கு அனுப்பினார்.

நீதிமன்றத்துக்குப் பின்கட்டில் இருந்தது அந்த மையம். வட்ட மேசை, ஒரு கால் ஆடும் நாற்காலி, ஓயாமல் முனகும் ஏசி. பக்கத்திலேயே இன்னோர் அறை. இரண்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. மத்தியஸ்தர் ஒரு பெண்மணி, முன்பு வக்கீலாக இருந்தவர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்:

"யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்புன்னு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்களா எதுக்கு ஒத்துக்கிறீங்களோ அதுதான் முடிவு. நீங்க கையெழுத்துப் போடுறவரைக்கும் எதுவும் முடிவு இல்ல. இங்க பேசினது எதையும் கோர்ட்ல யாரும் சொல்லக்கூடாது."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பேசி முடித்ததும், "நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்பார். சொல்வார். ஆமாம் என்று பதில் வந்தபின்தான் அடுத்தவர் பக்கம் திரும்புவார். கீழண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க தொழில்லயும் இப்படித்தாம்மா."

எதிரே மேலண்ணனுக்கும் உதட்டோரம் துடித்தது. மருமகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை.

அன்று காலையில் பேச்சு நன்றாகவே நகர்ந்தது. மருமகனே பாதி இறங்கி வந்தான். பழைய லிஃப்டுகளுக்கு இரண்டு பேர், புதியவற்றுக்கு ஒருவர் என்றான். மத்தியஸ்தர் இரண்டு தரப்பையும் தனித்தனியே உட்கார வைத்துப் பேச விரும்பினார். மேலண்ணனும் மருமகனும் அவர்களுடைய வக்கீலும் பக்கத்து அறைக்குப் போனார்கள். கீழண்ணனின் வக்கீல் வேறொரு வழக்குக்காக வெளியே போயிருந்தார்.

"இப்ப நீங்களும் நானும் மட்டும்தான்" என்றார் மத்தியஸ்தர். "உங்க மனசுல உண்மையில என்ன இருக்கு?"

கீழண்ணன் தன் மனத்தில் இருந்ததைப் பின்னாளில் என்னிடம் சொன்னார். தங்கை முகத்தைப் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. மருமகன் கெட்டவன் இல்லை. புதிய லிஃப்டுகளைப் பற்றி அவன் சொன்னதும் தவறில்லை. வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பாதிக்குப் பாதி ஒத்துக்கொண்டு, மறுநாள் காலை வழக்கம்போலப் பட்டறைக்குப் போய்விடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். இதை இப்படியே, இந்த நான்கு வாக்கியங்களில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனிதருக்குத் தோன்றியது ஒரே ஒரு சொல்தான்.

"வெளியன்னு சொல்லுங்கம்மா."

"வெளியவா? அப்படின்னா?"

கவனியுங்கள், அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஆனால் கீழண்ணனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"நான் வெளியன்னு அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்தும் மாத்த வேணாம். அவனுக்குப் புரியும்."

மத்தியஸ்தர் ஒரு கணம் தயங்கினாராம். அப்படியே சொல்லச் சொன்னதை அப்படியே சொல்வதுதான் நேர்மை என்று நினைத்துப் பக்கத்து அறைக்குப் போனார்.

கீழண்ணன் எழுந்து பலகைத் தடுப்பருகே போய் நின்றார். மத்தியஸ்தரின் குரல் மங்கலாகக் கேட்டது. இப்போது வரும், கனத்த தொண்டையில் அந்தக் கேள்வி பலகையைத் துளைத்துக்கொண்டு வரும், உரக்கப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏசி முனகியது. ஒரு நாற்காலி நகர்ந்தது. மருமகனின் வேகமான பேச்சு, வக்கீலின் குரல். பிறகு நீண்ட நேரம் தட்டச்சுச் சத்தம்.

மத்தியஸ்தர் காகிதத்தோடு திரும்பி வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "இவ்வளவு சீக்கிரம் முடியும்னு நான் எதிர்பார்க்கல. பெரிய மனசு பண்ணிட்டீங்க. படிச்சுப் பாருங்க" என்றார்.

முதல் தரப்பாகிய இவர் கூட்டுத் தொழிலிலிருந்து தாமாக முன்வந்து வெளியேறுகிறார் என்று அதில் இருந்தது.

இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"அவன் திருப்பிக் கேட்டானாம்மா?"

"என்ன கேட்டாரான்னு?"

"நீங்க போய்ச் சொன்னதும் அவன் என்ன சொன்னான்?"

"கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், சரி, எழுதிக்கோங்கன்னார்."

கீழண்ணன் அந்தச் சொல்லின் அர்த்தத்தை முழுவதும் அப்போதுதான் மத்தியஸ்தருக்கு விளக்கினார். குழி, சுவிட்ச், கேள்வி, பதில் எல்லாம். மத்தியஸ்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் விடாம கேட்டிருக்கணும் சார். இதை இப்பவே கிழிச்சுப் போட்டுடலாம். எந்தக் கட்டாயமும் இல்ல. நான் போய் அவருக்கு விளக்குறேன்."

"அவனுக்கு விளக்க என்ன இருக்கு? அந்த வார்த்தைல பாதி அவனோடது. கூப்பிடுங்க, நானே கேக்கறேன்."

எல்லாரும் மறுபடி வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேலண்ணன் மேசையில் இருந்த தண்ணீர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

"மாமா, நீங்க தெளிவாத்தானே..." என்று மருமகன் தொடங்கினான்.

"நீ இருப்பா. உனக்குத் தெரியாது, உன்மேல குத்தமில்ல. மாப்ளே, உன்னைத்தான் கேக்கறேன்."

மேலண்ணன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வக்கீல் அதைத்தான் அவர் காதில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். சில சமயம் பொய் சொல்லாமல் இருப்பது செய்ததைவிடக் கொடுமையாகிவிடுகிறது.

"புரிஞ்சுது மச்சான்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நீ வெளியதான்னு சொல்லியிருப்பே. நானும் சிரிச்சிருப்பேன். அப்புறம்? நாளைக்குக் காலைல மறுபடியும் அதே மூஞ்சி, அதே சண்டை. உன்னைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

கீழண்ணன் உட்கார்ந்திருந்தது கால் ஆடும் அந்த நாற்காலி. அது லேசாக ஆடியது.

"உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சே சுவிட்ச் போட்டிருக்கே" என்றார்.

நீதிமன்றத்தில் இது நடந்திருந்தால் யார் சொன்னது உண்மை என்று ஒருவர் தீர்மானித்திருப்பார். இந்த மேசைக்கு அந்த வேலை இல்லை. உண்மை எது என்று அது கேட்பதில்லை. எதை ஏற்றுக்கொண்டு உங்களால் இருக்க முடியும் என்றுதான் கேட்கிறது. அதனாலேயே பல வீடுகள் பிழைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கண்ணெதிரே ஒருவர் துரோகத்தை ஒப்புக்கொள்ளும்போது அந்த மேசையால் அதற்குப் பெயர் வைக்க முடியாது. தண்ணீர் ஊற்றிக் கொடுக்கத்தான் முடியும். மத்தியஸ்தர் அதைத்தான் செய்தார்.

"இன்னொரு நாள் உட்காரலாம் சார். இன்னைக்குக் கையெழுத்து வேணாம்."

"இல்லம்மா. கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாலும் நாளைக்கு நான் குழிக்குள்ள இறங்கணும். மேல இவன் நிப்பான். எப்படி இறங்கறது சொல்லுங்க."

பேனாவை எடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பழையதோ புதியதோ, எந்தக் கட்டடத்துக்கும் இரண்டு பேரை அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மருமகன் வாயைத் திறப்பதற்குள் மேலண்ணன் "சேர்த்துக்கோங்க" என்றார். அவ்வளவு நாள் மாய்ந்து மாய்ந்து சண்டை போட்ட விஷயம் ஒரு மூச்சில் கிடைத்தது. கீழண்ணன் இல்லாவிட்டால் அதைத் தருவதில் யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை.

வாசலில் மேலண்ணன் நின்று, "வண்டில வர்றியா மச்சான்? வீட்ல இறக்கி விடறேன்" என்றாராம். பழக்கதோஷம்தான், வேறு எதுவும் இருந்திருக்காது. கீழண்ணன் பஸ்ஸில் போனார்.

இப்போது அவர் ஒரு நண்பரின் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டும் கடையில் உட்கார்கிறார். வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதால் நான் அங்கே போகும்படி ஆயிற்று. அப்போதுதான் இந்தக் கதை முழுவதையும் சொன்னார். துரோகத்தைப் பற்றிப் பேசுபவர்களின் குரலில் வழக்கமாக ஒரு ருசி இருக்கும். அவர் குரலில் அது இல்லை. எந்த வயர் எங்கே அறுந்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

எங்கள் கட்டடத்துக்கு இன்னமும் இரண்டு பேர் வருகிறார்கள். அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன்.

"ரெண்டு பேருமா? இன்னொருத்தர் எங்க நிக்கிறார்?"

தயங்கினேன். ஒருவர் குழிக்குள் இறங்குகிறார். மற்றவர் வரவேற்பறைச் சோபாவில் காவலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துச் சிரிக்கிறார். ஒரு குரலும் கேட்பதில்லை. அதையும் சொன்னேன்.

கீழண்ணன் செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். "சரியாத்தான் செய்யறாங்க. ரெண்டு பேர்னுதான் எழுதினோம். கூப்பிடணும்னு எழுதல."

அப்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் வார்னிஷ். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நான்தான்."

"ம். சொல்லும்மா."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"கால் வீக்கம்?"

"அது எப்பவோ வடிஞ்சுபோச்சு. எதுக்கு இதெல்லாம் கேட்டுக்கிட்டு? உன் வீட்டுக்காரர் பேசச் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. அவருக்குத் தெரியாது." அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. "நானே ஒண்ணு கேக்கலாம்னுதான். அவர் கேட்டிருக்க வேண்டியது."

இவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, வெளியவா?"

விரலில் கம்பி சுற்றுவது நின்றது. பொய்ப் பதில் சொல்லக் கூடாத கேள்வி அது. ஏறி வந்தவர் மட்டுமே பதில் சொல்லலாம். கீழண்ணன் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை.

அவளும் போனை வைக்கவில்லை. அடுத்த வார்த்தையும் பேசவில்லை. பதில் வராவிட்டால் எதைச் செய்யக் கூடாது என்று அந்தச் சொல் புழங்கிய வீட்டில் வாழும் அவளுக்கும் தெரியும். திரையில் வெளிச்சம் அணையாமல் இருந்தது. நான் என் மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு மெதுவாகத் தெருவில் இறங்கினேன்.